மூன்று பேட்டரி, இரண்டு ஆல்டர்னேட்டர். காலையில் செல்ஃப் எடுக்கவில்லை

வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவரிடம் இருப்பது 25 வயதைத் தாண்டிய, கார்ப்ரேட்டர் வைத்த பெட்ரோல் கார். அப்பா ஓட்டிய வண்டி என்பதால் விற்க மனம் வரவில்லை. இரண்டு வருடமாக ஒரே தொல்லை: இரண்டு நாள் நிறுத்திவைத்தால் செல்ஃப் எடுப்பதில்லை, தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கிறது. இதற்குள் பேட்டரி இரண்டு முறை மாறி, இப்போது இருப்பது மூன்றாவது. ஆறு மாதம் முன்பு ஆல்டர்னேட்டரையும் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பாகம்) கழற்றி, புதுப்பித்த ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். முதல் வாரம் சரியாக இருந்தது, அப்புறம் பழைய கதைதான். இரவில் ஹெட்லைட் போட்டு ஓட்டும்போது டாஷ்போர்டில் சார்ஜ் விளக்கு மங்கலாக எரிகிறது. பகலில் எரிவதே இல்லை.

பொறுமை இழந்து மல்டிமீட்டர் ஒன்று வாங்கி அவரே அளந்திருக்கிறார். காலையில் வண்டியை எடுக்கும் முன் பேட்டரியில் 12.1 வோல்ட். இன்ஜின் ஓடும்போது 13.1. ஹெட்லைட்டும் புளோயரும் போட்டால் 12.5. இன்ஜினை முறுக்கினாலும் 13.2-ஐத் தாண்டுவதில்லை. ஒர்க்‌ஷாப்பில் இப்போது 'பெரிய ஆல்டர்னேட்டர் போட்டால்தான் சரிவரும்' என்கிறார்கள். நண்பர் ஒருவர் சொன்னபடி, ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றியும் பார்த்திருக்கிறார், இன்ஜின் நிற்கவில்லை. 'அப்படியென்றால் ஆல்டர்னேட்டர் நல்லதுதானே? மறுபடியும் பேட்டரிதான் மட்டமா? என்னை ஏமாற்றுகிறார்களா? வண்டியைத் தலைமுழுகிவிடலாமா?' என்று கேட்டு முடித்திருக்கிறார். போகிற போக்கில் இரண்டு விஷயங்களையும் எழுதியிருக்கிறார்: ஆக்சிலரேட்டர் கேபிள் இறுகிப்போய் போன மாதம் மாற்றினாராம், ஹெட்லைட்டில் 100/90 வாட் (ஹைபீமில் 100, லோபீமில் 90) பல்ப் போட்டிருக்கிறாராம்.

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த இரண்டு வரிகள்தான் எனக்கு அதிகம் சொல்கின்றன. கேபிள் இறுகியதை இந்தப் பிரச்சினையோடு சேர்த்து நீங்கள் யோசிக்கவில்லை. நான் சேர்த்துத்தான் பார்க்கிறேன். எப்படி என்று பின்னால் சொல்கிறேன். இப்போதைக்கு ஒரு வேண்டுகோள்: இன்னொரு பேட்டரியோ இன்னொரு ஆல்டர்னேட்டரோ வாங்க இன்றைக்கு முடிவெடுக்காதீர்கள். உங்கள் அளவீடுகளைப் பார்த்தால், கரண்ட் உருவாகும் இடத்தைவிட அது போகும் பாதையில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு வருடமாக அந்தப் பாதையை யாரும் தொட்டுப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

உங்கள் எண்கள் சொல்வது என்ன

12 வோல்ட் பேட்டரி என்கிறோமே தவிர, முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6-லிருந்து 12.7 வோல்ட் காட்ட வேண்டும். உள்ளே ஆறு செல்கள், செல்லுக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். உங்கள் 12.1 பாதிக்கும் கீழே. லெட்-ஆசிட் பேட்டரி இப்படி அரைகுறைச் சார்ஜில் வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் லெட் சல்ஃபேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் முழுதாகக் கரையாது. முன்னால் மாற்றிய இரண்டு பேட்டரிகளும் மட்டமான சரக்காக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. நல்லதாக வந்து, பட்டினி கிடந்து கெட்டிருக்கலாம்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரியின் முனையில் 13.8-லிருந்து 14.5 வோல்ட் வரை இருந்தால்தான் அது ஒழுங்காகச் சார்ஜ் ஏறுகிறது என்று சொல்ல முடியும். உங்களுக்கு 13.1. பேட்டரிக்கு ஏதோ கொஞ்சம் போகிறது, வயிறு நிறைகிற அளவுக்குப் போகவில்லை. லோடு (ஹெட்லைட், புளோயர்) போட்டவுடன் 12.5-க்கு இறங்குகிறதே, அந்த நேரத்தில் பேட்டரி சார்ஜ் ஏறுவது அநேகமாக நின்றுவிடுகிறது; ஹெட்லைட்டுக்குத் தன் கையிலிருந்து கொடுத்துக்கொண்டும் இருக்கலாம். இரவுப் பயணம் முடித்து வீட்டுக்கு வரும்போது, கிளம்பியபோது இருந்ததைவிடக் குறைவான சார்ஜோடுகூட வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

முறுக்கினாலும் 13.2-ஐத் தாண்டவில்லை என்பதும் முக்கியம். ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட் வழுக்கினாலோ, ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) உற்பத்தி போதாமல் இருந்தாலோ, வேகம் கூடும்போது அளவு ஓரளவாவது மாறும், இல்லாவிட்டால் பெல்ட் கீச்சிடும். உங்கள் கடிதத்தில் இரண்டும் இல்லை. ஆனாலும் பெல்ட்டை ஒரு முறை பார்த்துவிடுங்கள். இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 10 மி.மீ. அமுங்கலாம். பக்கவாட்டுகள் கண்ணாடிபோல் மினுங்கக் கூடாது. வி-பெல்ட் புல்லியின் இரு பக்கச் சுவர்களைப் பிடித்துத்தான் இழுக்கும். புல்லிப் பள்ளத்தின் அடியே பளபளவென்று தேய்ந்திருந்தால், பெல்ட் தேய்ந்து அடியில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது எவ்வளவு முறுக்கிக் கட்டினாலும் பிடிக்காது.

அந்த மங்கலான சிவப்பு விளக்கு

உங்கள் வண்டியின் காலத்து ஆல்டர்னேட்டர் அமைப்புகளில், சார்ஜ் விளக்கின் ஒரு பக்கம் இக்னிஷன் சுவிட்ச் வழியாக பேட்டரியிலிருந்து வரும். மறுபக்கம் ஆல்டர்னேட்டருக்குப் போகும். இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ் இருந்தால் விளக்குக்கு எரிய வழியில்லை, அணைந்துவிடும். மங்கலாக எரிகிறது என்றால் இரண்டு பக்கத்துக்கும் ஒரு வோல்ட் அளவுக்கு வித்தியாசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆல்டர்னேட்டர் தன் வாசலில் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருக்கும். பேட்டரிப் பக்கம் 13-தான் வந்து சேர்ந்திருக்கும். நடுவில் ஒரு வோல்ட் எங்கேயோ தொலைகிறது. லோடு கூடும்போது மட்டும் விளக்கு தெரிவதும் இதற்குப் பொருந்துகிறது, ஏனென்றால் கரண்ட் கூடக்கூட தடையில் தொலையும் வோல்டேஜும் கூடும்.

இதற்கு இன்னொரு விளக்கமும் உண்டு. ஆல்டர்னேட்டருக்குள் ஒரு டயோடு (மாறுமின்னை நேர்மின்னாக்கும் சின்ன பாகம்) கெட்டாலும் விளக்கு இப்படி மினுக்கும். ஆகவே விளக்கை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. கீழே சொல்லும் அளவீடுகள் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தச் சின்ன பல்ப் வெறும் அறிவிப்புப் பலகை இல்லை. பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் ரோட்டாருக்கு (உள்ளே சுழலும் மின்காந்தம்) முதல் காந்தசக்தியைத் தரும் கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது. பல்ப் ஃபியூஸ் போனால் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளாமலேயே இருந்துவிடலாம், அல்லது நன்றாக முறுக்கிய பிறகுதான் சார்ஜ் ஆரம்பிக்கும். சாவியைத் திருப்பியதும், இன்ஜின் ஓடும் முன், அந்த விளக்கு பளிச்சென்று எரிகிறதா என்று தினமும் ஒரு பார்வை பார்க்கிற பழக்கம் நல்லது.

டெர்மினலைக் கழற்றும் சோதனை: தயவுசெய்து இனி வேண்டாம்

இந்த விஷயத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சோதனை டைனமோ வைத்த காலத்திலிருந்து வாய்வழியாக வந்துகொண்டிருப்பது. ஆல்டர்னேட்டர் வண்டியில் அது ஆபத்து. ஆல்டர்னேட்டர் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பேட்டரியைத் திடீரென்று பிடுங்கினால், ரோட்டாரில் சுற்றிய ஃபீல்டு காயிலில் இருக்கும் காந்தசக்தி உடனே இறங்காது. அந்த அரை நொடிக்குள் லைனில் வோல்டேஜ் பல மடங்கு எகிறும். மோசமான நிலையில் 100 வோல்ட்டைத் தொடவும் வாய்ப்புண்டு. டயோடுகள், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், எலக்ட்ரானிக் இக்னிஷன் இருந்தால் அதன் மாட்யூல், ரேடியோ எதுவும் அதற்குத் தப்பும் என்று சொல்ல முடியாது. பேட்டரிக்கு மேல் ஹைட்ரஜன் தேங்கியிருக்கும் நேரத்தில் டெர்மினலில் பொறி பறப்பது அதைவிட மோசம். பேட்டரி வெடித்தால் முகத்தில் தெறிப்பது சல்ஃப்யூரிக் ஆசிட்.

சரி, ஆபத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் அந்தச் சோதனை உங்களுக்கு எதையும் நிரூபிக்கவில்லை. கார்ப்ரேட்டர் இன்ஜின் ஓட இக்னிஷன் காயிலுக்குச் சில ஆம்பியர் போதும். மூன்று ஃபேஸில் ஒன்று செத்துப்போன ஆல்டர்னேட்டர்கூட அதைக் கொடுத்துவிடும். நீங்கள் ஏற்கெனவே இதைச் செய்துவிட்டதால் டயோடுகள் பிழைத்தனவா என்று பார்த்துக்கொள்வது அவசியமாகிவிட்டது. அதற்கான வழியையும் சேர்த்தே தருகிறேன்.

பாதையை அளப்பது

ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த ஒயர் மாட்டிய போல்ட்டிலிருந்து கரண்ட் கிளம்புகிறது. ஒயர் வழியாக, நடுவில் ஃப்யூசிபிள் லிங்க் (கரண்ட் மிஞ்சினால் உருகி அறுந்து காப்பாற்றும் துண்டு ஒயர்) இருந்தால் அதையும் தாண்டி, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு வருகிறது. பேட்டரிக்குள் புகுந்து நெகட்டிவ் வழியாக வெளியேறி, பாடிக்குப் போய், அங்கிருந்து எர்த் ஸ்ட்ராப் (பாடியையும் இன்ஜினையும் இணைக்கும் தடித்த செம்புப் பட்டை) வழியாக இன்ஜினுக்கு ஏறி, இன்ஜினோடு போல்ட் போட்ட ஆல்டர்னேட்டரின் உடம்புக்கே திரும்புகிறது. போகும் வழியை எல்லோரும் பார்ப்பார்கள். திரும்பும் வழியை யாரும் நினைப்பதில்லை.

மீட்டரை டிசி (நேர்மின்) 20 வோல்ட் அளவில் வையுங்கள். இன்ஜினை ஐடிலைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓடவிட்டு, ஹெட்லைட்டும் புளோயரும் போடுங்கள். ஒரு முள்ளை ஆல்டர்னேட்டரின் அவுட்புட் போல்ட்டிலும், இன்னொன்றைப் பேட்டரி பாசிட்டிவின் ஈயக் கம்பத்திலும் வையுங்கள். கம்பத்தில்தான் வைக்க வேண்டும், மேலே மாட்டிய கிளாம்பில் வைத்தால் கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவில் இருக்கும் கோளாறு மீட்டருக்குத் தெரியாது. மீட்டர் காட்டுவது 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு ஆல்டர்னேட்டரின் உடம்பில் பெயின்ட் இல்லாத இடத்தில் ஒரு முள், பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில் இன்னொன்று. இது 0.2-க்குள் இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் இரண்டுமே தாண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

'ஒயரை ஓம் மீட்டரில் செக் பண்ணிட்டோம், நல்லாத்தான் இருக்கு' என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். ஓர் இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயர்கூட ஓம் மீட்டரில் பீப் அடிக்கும். 20 ஆம்பியர் ஓடும் பாதையில் ஒரு வோல்ட் தொலைய 0.05 ஓம் தடை போதும். சாதாரண மல்டிமீட்டரால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த இணைப்பில் வீணாகும் 20 வாட் முழுதும் வெப்பம். நட்டு அளவிலான ஓர் இடத்தில் 20 வாட் என்பது சாதாரணமில்லை. அதனால்தான் இப்படிப்பட்ட இணைப்புகளில் ஒயரின் உறை பழுப்பேறி மொரமொரவென்று ஆகியிருக்கும், கனெக்டரின் பிளாஸ்டிக் உருகி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஆல்டர்னேட்டர் பக்க லக்கை (ஒயர் நுனியில் இருக்கும் உலோக வளையம்) கொஞ்சம் வளைத்துப் பாருங்கள். உறைக்குள் செம்பு பச்சை பூத்திருந்தால் அந்த ஒயரைப் புதிதாகப் போடுவதுதான் வழி. முனையை மட்டும் வெட்டி லக் அடித்தால் பச்சை உள்ளே எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று தெரியாது.

இனி ஆக்சிலரேட்டர் கேபிளுக்கு வருகிறேன். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதில் பாயும் கரண்ட் முழுதும் இன்ஜினிலிருந்து எர்த் ஸ்ட்ராப் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். ஸ்ட்ராப் அரித்துப்போயிருந்தால் அந்தக் கரண்ட் வேறு வழி தேடும். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் உலோகம் எது கிடைத்தாலும் அதில் ஏறும்: ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், சோக் கேபிள். கேபிளின் உள்கம்பி சூடாகி, பிளாஸ்டிக் லைனிங் உருகிப் பிடித்துக்கொள்ளும். உங்கள் கேபிள் வயதாகித் தானாகவே இறுகியிருக்கவும் கூடும். ஆனால் சார்ஜ் குறைவும் செல்ஃப் திணறலும் கேபிள் இறுகுவதும் ஒரே வண்டியில் சேர்ந்து வந்தால் நான் முதலில் குனிந்து பார்க்கும் இடம் எர்த் ஸ்ட்ராப்தான். பழைய கேபிளை இன்னும் தூக்கிப் போடவில்லை என்றால் உறையை ஓரிடத்தில் கீறி, உள்ளே கருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதை உறுதி செய்யும் சோதனை எளிது. இக்னிஷன் காயிலின் சிறிய ஒயரைக் கழற்றிவிடுங்கள், இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கட்டும். ஒருவர் செல்ஃப் அடிக்க, நீங்கள் ஒரு முள்ளைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான இரும்பிலும் வையுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போதாது, சந்தேகமே வேண்டாம். அதே நேரம் பேட்டரியின் இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் அளந்தால் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. முழுச் சார்ஜ் ஏற்றிய பிறகும் இறங்கினால் பேட்டரியின் நாள் முடிந்துகொண்டிருக்கிறது.

புதுப்பித்த ஆல்டர்னேட்டர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. பார்க்கப் புதிதாகத் தெரிய வேண்டும் என்று உடம்பு முழுக்க பெயின்ட் அடித்து அனுப்புவதுண்டு. பிராக்கெட்டில் உட்காரும் காதுகளிலும் பெயின்ட் படிந்திருந்தால் எர்த்தே அங்கு தடைப்படும். உங்களுக்கு முதல் வாரம் சரியாக இருந்ததற்குக் காரணம், மாற்றும்போது ஒர்க்‌ஷாப்பில் பேட்டரியைத் தனியாக முழுச் சார்ஜ் செய்து கொடுத்ததாகவும் இருக்கலாம். அந்தச் சார்ஜ் தீர்ந்ததும் பழைய நிலைமை திரும்பியிருக்கும்.

டயோடும் இரவுக் கசிவும்

டயோடைச் சோதிக்க, இன்ஜின் ஓடும்போது பேட்டரியின் முனைகளில் மீட்டரை ஏசி (மாறுமின்) வோல்ட்டில் வைத்து அளக்கலாம். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு மீது சந்தேகம். அதற்கு முன், இன்ஜினை நிறுத்திவிட்டு அதே ஏசி அளவில் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பதில் இருபதுக்கு மேல் ஏதோ எண் வந்தால், அந்த விலை குறைந்த மீட்டர் டிசியை வடிகட்டத் தெரியாதது. இந்தச் சோதனைக்கு உதவாது.

இரவுக் கசிவு தனி விஷயம். சார்ஜ் குறைவு ஒரு பக்கம் இருக்க, நிறுத்திய வண்டியில் எதுவோ குடித்துக்கொண்டும் இருக்கலாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கம்பத்துக்கும் கேபிளுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக இணையுங்கள். கதவுகள் மூடி, சாவி வெளியே இருக்கட்டும். உங்கள் வண்டியில் கடிகாரமும் ரேடியோவும் மட்டும்தான் விழித்திருக்கும், 50 மில்லிஆம்பியரைத் தாண்ட நியாயமில்லை. மீட்டர் இணைப்பில் இருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். டிக்கி விளக்கு 5 வாட் பல்ப்தானே என்று நினைப்போம். அது அணையாமல் எரிந்தால் ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) போகிறது. 40 ஆம்பியர்-அவர் பேட்டரியை இரண்டே நாளில் பாதியாக்க அது போதும், உங்கள் இரண்டு நாள் கணக்கோடு ஒத்துப்போகவும் செய்கிறது. அதிகக் கசிவு தெரிந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் எண் விழுகிறதோ அந்த லைனில் தேடலாம். எல்லா ஃப்யூஸையும் உருவிய பிறகும் விழவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டயோடுதான் அடுத்த சந்தேகம், ஏனென்றால் பல வண்டிகளில் அந்தத் தடித்த ஒயர் ஃப்யூஸ் பெட்டிக்குப் போவதில்லை.

இவற்றில் எதற்காகவும் ஸ்பானரை எடுக்கும் முன் பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரின் அவுட்புட் போல்ட்டில் சாவி இல்லாதபோதும் பேட்டரியின் முழு பலமும் இருக்கும். ஸ்பானர் அதற்கும் இன்ஜினுக்கும் நடுவில் மாட்டினால் அங்கேயே வெல்டிங் ஆகிவிடும். மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள். இன்ஜின் ஓடும் சோதனைகளில் தொங்கும் துணியும் மீட்டர் ஒயரும் ஃபேன் பக்கம் போகக் கூடாது.

பெரிய ஆல்டர்னேட்டர் போடலாமா

இப்போது வேண்டாம். ஒரு வோல்ட் தொலைக்கிற பாதையில் இன்னும் அதிகக் கரண்ட்டை விட்டால் இன்னும் அதிக வோல்ட் தொலையும், இணைப்பு இன்னும் சூடாகும். பழைய ஒயரும் ஃப்யூசிபிள் லிங்கும் அந்தக் கரண்ட்டுக்காகப் போடப்பட்டவை இல்லை. தீப்பிடிக்கும் அபாயம் வரை போகக்கூடிய விஷயம் இது.

உங்கள் ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. அந்தக் காலத்து ஆல்டர்னேட்டர்கள் பல 35-லிருந்து 45 ஆம்பியர் தரக்கூடியவை, ஐடிலில் அதில் பாதிகூட வராமல் போகலாம். நீங்கள் போட்டிருக்கும் 90 வாட் லோபீம் இரண்டும் சேர்ந்து 15 ஆம்பியர் இழுக்கும், ஹைபீமில் இன்னும் கூடும். பழைய 55 வாட் பல்ப் இரண்டுக்கு 9 போதும். புளோயர், வைப்பர், இக்னிஷன் எல்லாம் சேர்ந்தால் மழை இரவில், சிக்னலில் நிற்கும்போது வரவைவிடச் செலவு அதிகமாகிவிடும். ஆனால் இதற்கு எளிய வழி பழைய வாட் பல்புக்குத் திரும்புவதுதான். ரிலே (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) போட்டு பேட்டரியிலிருந்து நேரடி ஒயர் கொடுத்தால் அதே 55 வாட்டில் வெளிச்சம் கண்கூடாகக் கூடும், ஏனென்றால் உங்கள் வண்டியில் ஹெட்லைட் சுவிட்ச் வழியாகவும் கொஞ்சம் வோல்டேஜ் தொலைந்துகொண்டிருக்கும். 90 வாட்டை ரிலே இல்லாமல் பழைய சுவிட்ச் வழியாக ஓட்டுவது சுவிட்ச்சையே உருக்கும். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஏமாற்றுகிறார்களா என்ற கேள்விக்கு

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் கடிதத்தில் இருப்பதை வைத்து மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். அளக்காமல் பார்ட்டை மாற்றிப் பார்க்கும் பழக்கம் இந்தத் தொழிலில் நிறைய இருக்கிறது, அதற்கான செலவு வாடிக்கையாளர் தலையில் விழுகிறது என்பதுதான் வருத்தம். நீங்கள் கேட்க உரிமையுள்ள சில விஷயங்கள் இருக்கின்றன, தயங்காமல் கேளுங்கள். 'எந்த அளவைப் பார்த்து இந்த பார்ட்டை மாற்றச் சொல்றீங்க?' என்பது முதல் கேள்வி. மாற்றும் முன்னும் பின்னும் பேட்டரி முனையில், லோடு போட்டு, எத்தனை வோல்ட் என்பதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். புதுப்பித்த ஆல்டர்னேட்டர் வாங்கும்போது பழையதை வாங்கிக்கொண்டுதான் விலை சொல்வார்கள், அதனால் இதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். அந்த ஆல்டர்னேட்டருக்கு உத்தரவாதக் காலம் எவ்வளவு, தேதி எழுதிய பில் இருக்கிறதா என்று இன்றே தேடி எடுத்து வையுங்கள். ஏசி அளவில் டயோடு கெட்டது தெரிந்தால் அது உதவும். ஆனால் நீங்கள் ஓடும் வண்டியில் டெர்மினலைக் கழற்றியதை மறைத்துக் கோர வேண்டாம். நடந்ததைச் சொல்லிப் பேசுங்கள்.

பேட்டரி வாரண்டியிலும் ஒரு சிக்கல் உண்டு. வண்டியின் சார்ஜிங் கோளாறால் பேட்டரி கெட்டால் பொறுப்பில்லை என்று பல வாரண்டிகளில் இருக்கும். எனவே சார்ஜிங்கைச் சரிசெய்யாமல் பேட்டரிக் கடைக்குப் போனால் உங்கள் பக்கம் பலவீனமாக இருக்கும்.

எந்த வரிசையில் செய்வது

முதலில் பேட்டரியைக் கழற்றி, தனி சார்ஜரில் அதன் ஆம்பியர்-அவரில் பத்தில் ஒரு பங்கு கரண்ட்டில், அதாவது 40-க்கு 4 ஆம்பியரில், காற்றோட்டமான இடத்தில் ஓர் இரவு சார்ஜ் செய்யுங்கள். ஆல்டர்னேட்டரை நம்பி ஓட்டி ஓட்டி ஏற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இறங்கிக் கிடக்கும் பேட்டரியை நிரப்புவது அதன் வேலை இல்லை. அப்படி இழுத்தால் அது சூடாகிக் கெடும். சார்ஜ் ஏறிய பேட்டரியை வண்டியில் இணைக்காமல் ஒரு நாள் வைத்திருந்து அளந்தால், பேட்டரி தானே இறங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அப்புறம் எர்த். இன்ஜினிலிருந்து பாடிக்கும், பேட்டரியிலிருந்து பாடிக்கும் போகும் ஸ்ட்ராப்களைக் கழற்றி, தொடும் இடங்களை எம்ரி தாளால் பளபளக்கத் தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். ஸ்ட்ராப் நார்நாராகப் பிரிந்திருந்தால் புதிது போடுங்கள். ஆல்டர்னேட்டர் காதுகளில் பெயின்ட் இருந்தால் சுரண்டுங்கள். அடுத்து பாசிட்டிவ் ஒயர்: தேவைப்பட்டால் 10 சதுர மி.மீ. செம்பு ஒயராகப் புதிது போடச் சொல்லுங்கள், பழைய ஒயரில் இருந்த ஃப்யூசிபிள் லிங்க்கையோ அதற்கு ஈடான ஃப்யூஸையோ விட்டுவிடாமல். இந்த இரண்டையும் ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒரே நாளில் முடித்துவிடுவார். மீட்டர் பிடிக்கத் தெரிந்த நீங்கள் எர்த் வேலையைத் தாராளமாக வீட்டிலேயே செய்யலாம். பாசிட்டிவ் பக்கத்தை அவரிடம் விடுங்கள்.

வேலை முடிந்தபின், லோடு போட்டு பேட்டரி முனையில் 13.8-க்கு மேல் வந்தால் பாதை திறந்துவிட்டது. இரண்டு பாதைகளிலும் இழப்பு அளவுக்குள் இருந்தும் வோல்டேஜ் ஏறவில்லை என்றால்தான் ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டும்: தேய்ந்த கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், டயோடு என்று. அப்போதும் முழு யூனிட் மாற்றத் தேவையிருக்காது, பிரஷும் ரெகுலேட்டரும் பெரும்பாலும் தனியாகக் கிடைக்கும். மாறாக 15 வோல்ட்டைத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள். அது ஓவர்சார்ஜ், பேட்டரி கொதிக்கும்.

அதுவரை இரவுப் பயணத்தைத் தவிருங்கள். பாதி சார்ஜ் பேட்டரியோடு ஹெட்லைட் போட்டுப் போகும்போது வெளிச்சமும் வைப்பரும் மெல்ல மெல்லத் தளர்வதை ஓட்டுபவர் கவனிப்பதற்குள் இன்ஜினே நின்றுவிடலாம். எப்போதாவது சிவப்பு விளக்கு மங்கலாக இல்லாமல் முழுதாக எரிந்து, கூடவே டெம்பரேச்சர் முள்ளும் ஏற ஆரம்பித்தால் பெல்ட் அறுந்திருக்கும். பல இன்ஜின்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. அப்போது அடுத்த திருப்பம் வரை போகலாம் என்று நினைக்காமல் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

விற்பதா வேண்டாமா என்ற முடிவை, எர்த் ஸ்ட்ராப்பும் பாசிட்டிவ் ஒயரும் சரியான பிறகு ஒரு மாதம் ஓட்டிவிட்டு எடுங்கள். இப்போது விற்றால் கோளாறுள்ள வண்டி என்ற விலைதான் கிடைக்கும், வாங்குபவரிடம் கோளாறைச் சொல்லவும் வேண்டும். இந்த மூன்றாவது பேட்டரியைப் பற்றி மட்டும் அதிக நம்பிக்கை தர என்னால் முடியவில்லை. 12.1-ல் எத்தனை மாதம் கிடந்தது என்பதைப் பொறுத்தது அது. சரிசெய்த வண்டியில் இரண்டு வாரம் ஓட்டியபின் ஒரு லோடு டெஸ்ட் (பேட்டரியிலிருந்து அதிகக் கரண்ட் இழுத்துப் பார்க்கும் சோதனை) எடுங்கள். தேறவில்லை என்றால், சார்ஜிங் வோல்டேஜ் எழுதிய பில்லோடு வாரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு பேட்டரிக் கடைக்குப் போங்கள்.